மன்னிப்புக்குப் பதிலாக டீ

சீனியர் நல்லவராக மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரம் அவர் செய்த அயோக்கியத்தனம்தான் அதற்குக் காரணம் என்பது லேபில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அது பல் செய்கிற லேப். பல் வைத்தியர்கள் நோயாளியின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, கிடைத்த இரண்டு வெள்ளைத் தாடைகளையும் கீல் வைத்த ஒரு கருவியில் மாட்டி, வாய் திறந்து மூடுவதுபோல் ஆட்டிப் பார்த்தபடியே, கெட்டுப்போன பல்லின் மேல் மாட்டச் செராமிக்கில் உறைபோல ஒரு கேப் செய்து அனுப்ப வேண்டும். கேப் எதிர்ப்பல்லை மெல்லத் தொட வேண்டும். தொடாவிட்டால் மெல்ல முடியாது. ஒரு மயிரிழை கூடுதலாகத் தொட்டால் வாயை மூடும்போதெல்லாம் அந்த ஒரு பல் முந்திக்கொண்டு இடிக்கும். தாடை வலிக்கும், வலி காதுக்கு ஏறும், தலைக்கு ஏறும். லேபில் இதற்குத் ‘தூக்கல்’ என்று பெயர். யாருடைய வேலையாவது தூக்கல் என்று திரும்பி வந்தால் அன்று முழுவதும் அவரிடம் யாரும் ஜோக் சொல்ல மாட்டார்கள்.

சீனியரின் கைவேலை சுத்தமானது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. முன்பல் செய்வதில் அவர் கெட்டிக்காரர். பல்லின் நுனியில் ஈரம் பட்ட கண்ணாடிபோல ஒரு நீலச் சாயலைக் கொண்டுவருவார். எந்தப் பொடியை எதோடு கலக்கிறார், எத்தனை தடவை அடுப்பில் வைத்து எடுக்கிறார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. கலக்கும் நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொள்வார். அவரிடம் ஒரு மெழுகுக் கத்தி இருந்தது. அதன் முனை எந்தக் காலத்திலோ உடைந்து பிளந்திருந்ததால், எதில் இழுத்தாலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடு விழும். யாராவது தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால், “வை கீழ. அந்தக் கத்திக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி” என்பார். அடுத்தவர் கத்தியை அவரும் தொட மாட்டார். அதைத் தன் ஒழுக்கங்களில் ஒன்றாக எண்ணிப் பெருமைப்பட்டார். வேறு ஒழுக்கங்கள் எவை என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அந்த லேபில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லி எடுத்திருந்தார் மேடம். மேடம்தான் முதலாளி. நறுக்கென்று பேசுவார், பேசியதை அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்டவர்களால்தான் மறக்க முடிவதில்லை.

ஒருநாள் மேடம் ஒரு முன்பல் வேலையைக் கொண்டுவந்து சீனியர் மேஜையைத் தாண்டிப் புதுசின் மேஜையில் வைத்தார். சீனியர் நிமிர்ந்து பார்த்தார்.

“பார்க்காதீங்க சீனியர். உங்க பல்லு அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் ஒரே ஆளோட வாயிலேருந்து வந்த மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணு கொஞ்சம் முயற்சி பண்ணட்டும்.”

பிளாஸ்டர் ஊற்றுகிறவன் கையில் கிண்ணத்தோடு நின்றபடியே சிரித்துவிட்டான். தலை முதல் கால் வரை எப்போதும் வெள்ளையாக இருப்பதால் அவனுக்குச் ‘சுண்ணாம்பு’ என்று பெயர். “அந்த ஒரே ஆள் யாருங்க மேடம்? வயசான கதாநாயகனா?” என்றான். மேடமும் சிரித்தார். புதுசு மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரிக்காததுதான் சீனியருக்கு அதிகமாக உறைத்தது. பரிதாபப்படுகிறாளாம்.

அன்றிலிருந்து அவர் வேலையைப் பழிவாங்க ஆரம்பித்தார். வருவதைத் தாமதமாக்கினார். கழிப்பறைக்குப் போனால் செய்தித்தாள் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். மெல்லிய பிரஷ்களை எடுத்துத் தன் இழுப்பறையில் பூட்டிவைத்தார். புதுசு தேடி அலைவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, “இங்க ஒரு பொருள் வச்ச இடத்துல இருக்கறதில்ல” என்று உச்சுக்கொட்டினார். இவ்வளவும் செய்தும் மனம் ஆறவில்லை. சில்லறைக் குறும்புகளால் ஆறும் காயம் இல்லை அது என்று அவருக்குத் தோன்றியது. தன் காயத்தைப் பற்றி அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புதுசின் மேஜையில் கடைவாய்ப்பல் வேலை ஒன்று கருவியில் மாட்டியபடி இருந்தது. அன்று பிற்பகல் அவள் கேப்பைச் செய்து முடிக்க வேண்டும். சீனியர் தன் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். எதிர்த்தாடையின் பிளாஸ்டர் பல்லின் உச்சியை லேசாக, மிக லேசாகச் சுரண்டினார். துகளை ஊதிவிட்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாதபடி விரலால் தேய்த்துவிட்டார். அவ்வளவுதான். இனி அவள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், குட்டையாகிப்போன அந்தப் பிளாஸ்டர் பல்லைத் தொடும் உயரத்துக்குத்தான் செய்வாள். இங்கே சரியாக இருக்கும். வாயில் இருக்கிற உண்மையான பல் குட்டையாகவில்லை, அங்கே தூக்கலாகும். இந்தத் தொழிலில் ஊறியவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கயமை அது. தன் கைத்திறன் மேல் உள்ள மரியாதையில், சீனியர் அதையும் நேர்த்தியாகவே செய்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் பாட்டு முணுமுணுத்தார். மனைவி செய்த சாதாரணக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். படுத்ததும் தூங்கிப்போனார். அநியாயம் செய்தவனுக்கு உறக்கம் வராது என்று எழுதுகிறவர்கள் அவர் விட்ட குறட்டையைக் கேட்டிருக்க வேண்டும்.

கேப் பொருத்தப்பட்டு, அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது. மேடம் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அது அவர் பழக்கம்.

“பேஷன்ட் ஒரு ஸ்கூல் வாத்தியார்” என்றது பல் வைத்தியரின் குரல். “நாலு நாளா வாயை மூட முடியலையாம். பாடம் எடுக்க முடியலையாம். நான் வாயிலேயே தேய்ச்சுச் சரிபண்ணப் போனேன், செராமிக் விரிசல் விட்டிருச்சு. மறுபடி முதல்லேருந்து. யார் செஞ்சது இதை?”

மேடம் போனை வைத்துவிட்டுப் புதுசைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “கடைவாய்ப்பல்லே ஒழுங்கா வரல, உன்னை முன்பல்லுல உட்கார வச்சேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். இன்னொரு தடவை தூக்கல்னு வந்துச்சு, ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நீயே கிளம்பிடு.”

புதுசு அழவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. அலமாரிக்குப் போய் அந்த வேலையின் பிளாஸ்டர் தாடையை எடுத்துவந்தாள். விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு துணியில் சுற்றித் தன் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டாள்.

சீனியர் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் எதிர்பார்த்த இன்பம் இது இல்லையே என்று திகைத்தார். மேடம் திட்டும்போது இனித்திருக்க வேண்டும், இனிக்கவில்லை. அந்தப் பெண் நின்ற நிற்பு கண்ணிலேயே இருந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. இதற்கு மனசாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டார். அதில் பாதிக்கு மேல் பயம் என்பதை அவர் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: வாயை மூட முடியாமல் வகுப்பில் நின்ற அந்த வாத்தியார் அவர் நினைவில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிளாஸ்டருக்கு வலிக்காது, வாத்தியாரும் அவருக்குப் பிளாஸ்டர்தான்.

போய், “நான்தான் செய்தேன்” என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். செவ்வாய்க்கிழமை காலை அதைச் சொல்லத்தான் புதுசின் மேஜைக்குப் போனார். அவள் நிமிர்ந்து, “சொல்லுங்க சார்” என்றாள். அந்தப் பார்வையில் ஒரு காத்திருப்பு இருந்தது.

“டீ சாப்பிடறியா?” என்றார் சீனியர்.

அப்படித்தான் அவர் நல்லவரானார். தினமும் இரண்டு வேளை அவளுக்கு டீ வந்தது. கடைக்கு அவரே போய், சூடு ஆறாமல் மூடி எடுத்துவந்தார். பூட்டி வைத்திருந்த பிரஷ்களை எடுத்து அவள் மேஜையில் அடுக்கினார். “தங்கச்சி, ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா வரும், என் இடத்துல உட்காரு” என்றார்.

“தங்கச்சியா?” என்றான் சுண்ணாம்பு. “போன வாரம் வரைக்கும் ‘அந்தப் பொண்ணு’. அதுக்கு முந்தி ‘யாரது’. வேகமா சொந்தம் வளருதே.”

“உனக்கு எல்லாம் விளையாட்டுதாண்டா. சின்னவங்களை நாமதான் தூக்கிவிடணும்.”

“தூக்கிவிடணும்” என்று சுண்ணாம்பு மரியாதையாகத் திருப்பிச் சொன்னான். “சரிங்க சீனியர்.”

வீட்டில் நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் பின்னால் மனைவி வந்து நின்றாள்.

“என்ன தப்பு பண்ணீங்க?”

“ஏன், கழுவினா தப்பு பண்ணியிருக்கணுமா?”

“கல்யாணமான புதுசுல எங்கம்மா மூக்குக்கண்ணாடியை மிதிச்சு ஒடச்சுட்டு, சொல்லாம ஒரு வாரம் வீட்டைப் பெருக்குனீங்க. எங்கம்மா கண்ணு தெரியாம சுவத்துல இடிச்சுக்கிட்டு, ‘மாப்பிள்ளை தங்கம்’னு ஊரெல்லாம் சொன்னாங்க. நீங்க நல்லவரா இருந்தாலே எனக்குக் கைகால் உதறுது. ஆபீஸ்லயா, வெளியிலயா? அதை மட்டும் சொல்லுங்க.”

“புருஷன் ஒரு வேலை செஞ்சா சந்தோஷப்படத் தெரியாதா உனக்கு?” என்று தட்டைச் சத்தமாக வைத்தார் சீனியர். நல்லது செய்பவனை உலகம் எப்படி நடத்துகிறது என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஆனால் லேபில் நடத்தவேண்டியபடி நடத்தினார்கள். மேடம் ஒருநாள் எல்லோர் முன்னாலும், “சீனியர் மாறிட்டாரு. இப்பதான் சீனியர் மாதிரி இருக்காரு” என்றார். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாள் போகப்போக, சுரண்டியது அவர் நினைவில் மங்கிவந்தது. டீ தெளிவாகிக்கொண்டு வந்தது. தான் ஒரு பெரிய மனிதன் என்ற எண்ணம் சுகமாக இருந்தது. ஒரு சின்னக் கறையைக் கழுவப்போய் உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டதுபோல இருந்தது.

புதுசும் மறுக்கவில்லை. டீயைக் குடித்தாள். ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்தது. ஒருநாள், “அண்ணா, அந்த நீலச் சாயல் எப்படிண்ணா வருது?” என்று கேட்டாள்.

சீனியர் தயங்கினார். அவருடைய ஒரே சொத்து அது. அப்போது அவள் இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினாள். துணியில் சுற்றிய பொட்டலம் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இங்க பாரு தங்கச்சி, பொடியை முதல்ல இப்படிக் குழைக்கணும்” என்று ஆரம்பித்தார். முதுகைத் திருப்பவில்லை. அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, தன் தாராளத்தை நினைத்து அவரே வியந்துகொண்டார்.

ஆறு மாதம் முடிகிற வாரத்தில் அது வந்தது. இன்னொரு வைத்தியர், இன்னொரு கேப். தூக்கல்.

மேடம் போனை வைத்துவிட்டு, “புதுசு” என்றார். “சொன்னேன்ல? பையை எடுத்துக்க.”

அறையில் தேய்க்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. புதுசு எழுந்து நின்றாள். மேடத்தைப் பார்க்கவில்லை. சீனியரைப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்த அதே காத்திருக்கும் பார்வை.

சீனியருக்கு விஷயம் புரியாமல் இல்லை. முந்தைய தூக்கல் அவள் செய்ததில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், இது அவளுடைய முதல் தவறு. முதல் தவறுக்கு அந்த லேபில் யாரையும் அனுப்பியதில்லை. சொல்லாவிட்டால் இது இரண்டாவது. அவள் போக வேண்டியதுதான். அவர் எழுந்தார். பிறகு, தானே எதிர்பாராத ஒரு அழகான வழி அவருக்குத் திறந்தது.

“மேடம், மன்னிச்சு விடுங்க” என்றார். குரல் தழுதழுத்தது. “சின்னப் பொண்ணு. தப்பு பண்ணாதவங்க யாரு? ரெண்டு தடவை பண்ணிட்டா, ஒத்துக்கறேன். ஆனா கத்துக்குவா. நான் பொறுப்பேத்துக்கறேன். இனிமே அவ செய்யற ஒவ்வொரு வேலையையும் நானே பார்த்து அனுப்பறேன். என் தங்கச்சியா நெனச்சு கேக்கறேன்.”

கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அது நடிப்பில்லை, தன் பெருந்தன்மை அவரை உண்மையிலேயே உருக்கிவிட்டது. மேடம் இளகிப்போய், “உங்களுக்காகத்தான் யோசிக்கணும்” என்று தொடங்கினார்.

“வேண்டாம் மேடம்” என்றாள் புதுசு.

இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்துவந்து மேடம் முன்னால் பிரித்தாள். பூதக்கண்ணாடியையும் வைத்தாள். “இன்னிக்கு வந்தது என் தப்புதான். அவசரத்துல சரியா ஆட்டிப் பார்க்காம அனுப்பிட்டேன். அதுக்கு என்ன வேணா சொல்லுங்க. ஆனா முதல்ல வந்தது என் தப்பில்ல. இந்தப் பல்லோட உச்சியைப் பாருங்க.”

மேடம் குனிந்தார். “சுரண்டியிருக்கு.”

“எப்படிச் சுரண்டியிருக்குன்னு பாருங்க.”

சுண்ணாம்பும் எட்டிப் பார்த்தான். அவன் ஊற்றிய பிளாஸ்டர் அது. “ரெட்டைக் கோடு” என்றான். அவனுக்குக்கூட ஜோக் வரவில்லை.

எல்லோர் கண்களும் சீனியர் மேஜைக்குப் போயின. கத்தி அங்கே, துடைத்துப் பளபளவென்று, துணி விரிப்பின் மேல் இருந்தது. அதை யாரையும் தொட விட்டதில்லை என்பதற்கு அவரே சாட்சி. வேறு எந்தக் கத்தியை எடுத்திருந்தாலும் இன்று தப்பியிருப்பார். அடுத்தவர் கத்தியைத் தொடாத ஒழுக்கம் அவரைக் காட்டிக்கொடுத்தது.

“நீங்களா சீனியர்?” என்றார் மேடம்.

சீனியர் புதுசைப் பார்த்துத் திரும்பினார். “உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தனை நாள் டீ குடிச்ச? தெரிஞ்சுமா என்கிட்ட வேலை கத்துக்கிட்ட?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன் சார்” என்றாள். அண்ணா போய்விட்டது. “டீ வந்துச்சு. சரி, டீக்கு அப்புறம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்புறமும் டீதான் வந்துச்சு. வேலை கத்துக்குடுத்தீங்க, அதையும் கத்துக்கிட்டேன். இன்னிக்குக்கூட நீங்க எந்திரிச்சதும் சொல்லப்போறீங்கன்னுதான் நெனச்சேன்.”

“கேட்டீங்களா மேடம்?” சீனியர் குரல் ஓங்கியது. “எவ்வளவு அழுத்தம் பாருங்க. மனசுல இதை வச்சுக்கிட்டு என்கிட்ட அண்ணா அண்ணான்னு பேசியிருக்கா. இப்படி ஏமாத்தறவளை வேலைக்கு வச்சா லேப் உருப்படுமா?”

இதைச் சொல்லும்போது அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் உள்ளம் பற்றி எரிந்தது. கள்ளம் இல்லாமல் எரிந்தது. இத்தனை மாதம் சுமந்த அந்தக் கனம் ஒரே நொடியில் இறங்கிப்போயிருந்தது. மோசம் செய்தவர் அவர் இல்லை, மோசம் போனவர். எவ்வளவு நிம்மதியான இடம் அது.

மேடம் பிளாஸ்டர் தாடையைத் துணியில் சுற்றி வைத்தார். பிறகு புதுசிடம், “உட்கார். இன்னிக்கு வந்ததை மறுபடி செஞ்சு குடு” என்றார். சீனியர் பக்கம் திரும்பினார். “முன்பல்லு வேலைக்கு ஆள் இல்லையேன்னு ஒரு மாசம் முந்தி நான் உங்களைப் பொறுத்துக்கிட்டிருப்பேன். இவளுக்குக் கத்துக்குடுத்து அதையும் நீங்களே தீர்த்து வச்சுட்டீங்க. நாளையிலேருந்து பிளாஸ்டர் மேஜை. இஷ்டமில்லேன்னா வர வேண்டாம். கத்தி தேவைப்படாது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

சுண்ணாம்பு தன் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம்விட்டான். “வாங்க சீனியர். இங்க வந்துட்டா எல்லாரும் வெள்ளைதான்.”

அன்று வீட்டுக்கு வந்த சீனியர் செருப்பை ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலுமாக விட்டார். பையை எறிந்தார். “தண்ணி கொண்டா” என்றார். மனைவி கொண்டுவந்து கொடுத்து, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள்.

“நன்றிங்கறது இந்தக் காலத்துல செத்துப்போச்சு. அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு செஞ்சேன் தெரியுமா?”

“என்ன செஞ்சீங்க?”

“தினம் டீ வாங்கிக் குடுத்தேன். வேலை சொல்லிக் குடுத்தேன். என் இடத்தையே விட்டுக் குடுத்தேன். அவளுக்காக மேடம் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்.”

“அதுக்கு முன்னாடி?”

சீனியர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு என்ன செஞ்சீங்க?”

“சாப்பாடு போடறியா, இல்ல விசாரணை நடத்தறியா?”

அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டாள். அவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். பல மாதங்களாக அவர் கையாலேயே கழுவப்பட்டுவந்த அந்தத் தட்டை மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அடுப்படிக்கு எடுத்துப் போவதற்குள் உள்ளே குறட்டை கேட்க ஆரம்பித்தது. அவர் வாய் லேசாகத் திறந்து, பிறகு ஒரு இடிப்பும் இல்லாமல் மூடிக்கொண்டது.